கபிலரின் இரு கள்வர்கள்

ஒரு கவிதையைக் கையில் கொடுத்து இது என்ன சொல்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் பொழிப்புரைக்குத்தான் போவோம். பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட வழி அது. கருத்து என்று ஒன்றைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்கிறோம். எதுகையும் மோனையும் அடியும் சீரும் அந்தக் கருத்தைச் சுமந்துவந்த பாத்திரம் என்று எண்ணி ஓரமாக வைத்துவிடுகிறோம். பாத்திரத்தை மாற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தானே என்பது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழில் இருக்கும் அளவுக்கு நல்ல சான்றுகள் வேறு மொழிகளில் அதிகம் இருக்காது என்றும் நினைக்கிறேன்.

சேர்வராயன் மலையில், வாழவந்தியில் இருந்துகொண்டு எழுதுவதால் குறிஞ்சியிலிருந்து தொடங்குவது எனக்கு இயல்பு. அதற்கு வலுவான காரணமும் உண்டு. ஒரே புலவர், ஒரே திணை, ஏறக்குறைய ஒரே கதை, ஆனால் வெவ்வேறு வடிவங்கள் என்று ஒரு சோதனையை யாராவது திட்டமிட்டால் அது கபிலரைப் போலத்தான் அமையும். ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் அவருடையவை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் அவர் பாட்டுகள் உள்ளன. கலித்தொகையின் குறிஞ்சிக்கலி 29 பாட்டுகளையும் மரபு அவருக்கே தருகிறது. 261 அடியில் குறிஞ்சிப்பாட்டும் அவர் பாடியது. கலித்தொகை காலத்தால் பிந்தியது, அது வேறொருவர் பாடியது என்ற கருத்தும் ஆய்வாளர்களிடையே உண்டு. அதை ஏற்றுக்கொண்டாலும் நம் சோதனைக்குப் பழுதில்லை; புலவர் மாறினாலும் குறிஞ்சி ஒழுக்கத்தின் களமும் ஆட்களும் மாறவில்லை.

இரண்டு பாட்டுகளை அருகருகே வைப்போம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு ஐந்தே அடி. தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் அவளைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. கள்வனாகிய அவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாட்சி என்று இருந்தது ஒரு குருகு மட்டும். தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது அது. கலித்தொகையின் 51ஆம் பாட்டிலும் தலைவிதான் பேசுகிறாள், கேட்பவளும் தோழிதான். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் அழித்து, கூந்தலில் இருந்த மாலையைப் பறித்து ஓடிய பட்டிப் பயல் ஒருநாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொண்டுபோனவளின் வளைக்கையைப் பற்றுகிறான். அவள் அலற, தாய் ஓடிவருகிறாள். தண்ணீர் விக்கிக்கொண்டது என்று மகள் சமாளிக்கிறாள். தாய் அவன் முதுகை நீவிவிட, அவன் கடைக்கண்ணால் இவளைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். இவள் வாயிலும் கள்வன் என்ற சொல்தான் வருகிறது.

ஒரே சொல். ஒன்றில் அந்தக் கள்வன் ஒரு பெண்ணின் வாழ்வையே எடுத்துக்கொண்டு போய்விடக்கூடியவன். மற்றதில் அவள் தன் தாயிடமே பொய் சொல்லிக் காப்பாற்றுகிற செல்லக் கள்வன். நிகழ்ச்சி வேறு என்பதால்தான் பொருள் வேறாயிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். குறுந்தொகைத் தலைவியின் பயத்தைக் கலிப்பாவில் விரித்துவிட்டால், அங்கே தாயும் தோழியும் பேச வந்துவிடுவார்கள். பேச ஆள் வந்த உடனே யாருமில்லை என்ற நிலை போய்விடும். ஐந்து அடிக்குள் இன்னோர் ஆளை நுழைக்க இடமில்லை. அந்தப் பாட்டில் இடமின்மைதான் அவளுடைய தனிமை. மறுபக்கம், தாய் ஓடிவருவதற்கும் முதுகை நீவுவதற்கும் அந்தக் கண்வீச்சுக்கும் கலியின் நீண்ட ஓட்டம் வேண்டும். பேச்சைப் பேச்சாகவே வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. சிரிப்புக்குக் காலம் தேவை. அச்சத்துக்கு ஒரு குருகு போதும்.

பொழிப்புரை எழுதும்போது இந்த வேறுபாடுதான் முதலில் கரையும். 'தலைவன் கைவிட்டால் என்ன செய்வேன் எனத் தலைவி வருந்தினாள்' என்று எழுதிவிட்டால் குருகு வெறும் வருணனையாகிவிடுகிறது. பாட்டில் அது கடைசியாக வருகிறது, சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. தன் இரையையே பார்த்துக்கொண்டிருந்த சாட்சி அது. பார்த்திருக்குமா? பார்த்தாலும் பேசுமா? வரிசையை மாற்றிக் குருகை முன்னால் சொல்லிவிட்டால் இந்தக் கேள்விகள் எழவே மாட்டா.

சங்கத் தொகைகளை அடுக்கியவர்கள் இதை அறிந்தே இருந்திருக்க வேண்டும். அகப்பாட்டுகளை அவர்கள் அடி அளவால் பிரித்தார்கள்: பொதுவாக மூன்றிலிருந்து ஆறு அடி ஐங்குறுநூறு, நான்கிலிருந்து எட்டு குறுந்தொகை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று அகநானூறு. புலவர் பெயரால் பிரிக்காமல் அளவால் பிரித்ததை வெறும் ஏற்பாட்டு வசதி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு அடிக்குள் ஒரு கணம் நிற்கிறது. இருபது அடி கிடைத்தால் உவமைக்குள் ஓர் அரசன் வருகிறான், ஒரு போர் வருகிறது, ஓர் ஊரின் பெயர் வருகிறது. தலைவியின் துயரம் நாட்டின் வரலாற்றுக்குள் போய் உட்காருகிறது. அகநானூறு நமக்கு வரலாற்றுச் செய்திகளைத் தருவதும் குறுந்தொகை அவ்வளவாகத் தராததும் இந்த நீளத்தால்தான்.

ஐங்குறுநூற்றின் வடிவம் இன்னும் விசித்திரமானது. மூன்று நான்கு அடியில் என்னதான் சொல்லிவிட முடியும்? கபிலர் பத்துப் பத்தாகக் கோக்கிறார். கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என்று ஒவ்வொரு பத்திலும் ஓர் உயிர் திரும்பத் திரும்ப வருகிறது. கேழற்பத்தின் முதல் பாட்டில் பன்றி பன்றிதான். மூன்றாவது, நான்காவதில் அது தலைவனின் சாயலை ஏற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. ஏழாவதுக்கு வரும்போது பன்றி என்ற உடனே அவன் நினைவு வந்துவிடுகிறது. பாட்டு அதை விளக்க வேண்டியதில்லை. உள்ளுறை என்று இலக்கணம் சொல்வதை இந்தப் பத்து என்ற அடுக்கு வேறு யாரும் சொல்லித்தராமல் வாசகனுக்குப் பழக்கிவிடுகிறது. பன்றியும் குரங்கும் விளைச்சலை அழிக்கும் தொல்லை இந்த மலையில் இன்றும் உண்டு. பயிர் வைத்தவருக்கு அவற்றில் கவிதை எதுவும் தெரியாது. கிளியும் அப்படித்தான். ஆனால் கிளி தினையைக் கொத்துவதால்தான் பெண் காவலுக்கு வருகிறாள் என்று காதலன் அந்தக் கிளியை வாழ்த்துகிறான். இந்த முரணை ஒரே பாட்டில் சொன்னால் வேடிக்கையாக நின்றுவிடும். பத்துப் பாட்டில் சுழலும்போது அது மலை வாழ்வின் இரு கணக்குகளாகிறது.

குறிஞ்சிப்பாட்டு நேர் எதிர்த் திசை. தோழி செவிலியிடம் நடந்த எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லித் தீர்க்கிறாள்: தினைக்காவல், அருவியாட்டு, பூப்பறித்தது, நாய்கள் குரைத்து வந்தது, யானை பாய்ந்தது, அவன் அம்பு விட்டது. நடுவில் 99 பூக்களின் பெயர்கள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பது மரபு. அந்தப் பூப்பட்டியலை அலங்காரம் என்று கடந்துபோகிறவர்கள் பலர். எனக்கு அது தோழியின் தந்திரமாகவே படுகிறது. மகள் ஒருவனோடு கூடிவிட்டாள் என்ற செய்தியைச் செவிலி காதில் போடுவதற்குமுன், நாங்கள் குழந்தைகளாகப் பூப்பறித்துக்கொண்டிருந்தோம் என்று நிறுவ வேண்டும். 99 பெயரைச் சொல்லி முடிக்கும் நேரம் அதற்கு வேண்டும். பட்டியலைச் சுருக்கினால், காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றல் அவசரப் பேச்சாகிவிடும்.

இதுவரை வடிவத்தின் பக்கமே பேசினேன். எதிர்ப்பக்கமும் வலுவானது. யாப்பே பொருளை முடிவுசெய்கிறது என்றால், அகமும் புறமும் ஒரே ஆசிரியப்பாவில் எப்படி வந்தன? அகப்பொருளைப் பாடும் புலனெறி வழக்கத்துக்குக் கலியும் பரிபாடலும் உரியவை என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் நமக்குக் கிடைத்த அகப்பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அகவல் எனப்படும் அந்த ஆசிரியப்பாவில்தான் இருக்கின்றன. இதே கபிலர், பாரியின் பறம்புமலையை மூவேந்தர் முற்றியபோது புறநானூற்றில் ஒரு மலைப்பட்டியல் போடுகிறார் (109ஆம் பாட்டு). உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் உண்டு, படையால் பாரியை வெல்ல முடியாது என்று அரசர்களிடம் சொல்கிறார். தேனும் பலாவும் அகப்பாட்டில் வந்தால் கனிந்த காதல். இங்கே அதே தேனும் பலாவும் முற்றுகையைத் தாங்கும் இருப்பு. யாப்பு ஒன்றே, மலை ஒன்றே, புலவரும் ஒருவரே. மாறியவை யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பெயர் சொல்லலாமா கூடாதா என்பவை.

அவையும் வடிவந்தான் என்று தொல்காப்பியர் சொல்வதாக நான் வாசிக்கிறேன். செய்யுளியலில் அவர் அடுக்கும் 34 உறுப்புகளில் மாத்திரை, அசை, சீர், அடி, தொடை வருவதை எல்லோரும் அறிவோம். அதே பட்டியலில்தான் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம், மெய்ப்பாடு ஆகியவையும் வருகின்றன. பொருள் என்பதே செய்யுளின் ஓர் உறுப்பாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. உருவம் ஒரு பக்கம், உள்ளடக்கம் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து இருபதாம் நூற்றாண்டில் நாம் போட்ட சண்டைக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. 1917இல் கலையை ஓர் உத்தி என்று விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி எழுதியதும், கவிதையை உரைநடையில் சுருக்கிச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை 1947இல் கிளியந்த் புரூக்ஸ் மறுத்ததும் முக்கியமானவைதான். கேட்போரைச் செய்யுளின் உறுப்பாக வைத்த துணிவு அவர்களிடம் இல்லை.

ஒரு சிறு வடிவவிதி ஒரு நூலின் பொருளையே எப்படிப் புரட்டும் என்பதற்கு நெடுநல்வாடை போதும். அகப்பாட்டில் காதல் மாந்தர் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது. நக்கீரரின் 188 அடிகளில் எங்கும் பெயர் இல்லை. பிரிவில் வாடும் அரசி, பாசறையில் உறங்காமல் உலாவும் அரசன். முழுக்க அகம்போல்தான் இருக்கிறது. ஆனால் அவன் அருகே வரும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு தழையால் ஒரு பெண்ணின் பிரிவுத்துயர் ஒரு மன்னனின் போர்க்கடமைப் பாட்டாகிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடில்லை. தழையைவிட அரசியின் கட்டில்தான் அந்தப் பாட்டில் அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் நூற்றாண்டுகளாக இந்த வழக்கு ஓயாததே, பெயர் என்ற சின்ன விதிக்கு எவ்வளவு பலம் என்று காட்டுகிறது.

இந்த விதியையே கதையின் திருப்பமாக்கியவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலனும் மாதவியும் சண்டை போடவில்லை, பாடுகிறார்கள். கோவலன் பாடிய பெண்ணுக்குப் பெயர் இல்லை, வரிப்பாட்டின் மரபு அது. வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி எடுத்துக்கொண்டு, தானும் பெயரில்லாத ஒரு தலைவியின் குரலில் பாடுகிறாள். வேறொருவன்மேல் மனம் வைத்திருக்கிறாள் என்று அவன் எழுந்து போகிறான். பெயர் சொல்லிப் பாடும் வழக்கம் இருந்திருந்தால் அந்தப் பிரிவு நேர்ந்திருக்காது; மதுரை எரிந்திருக்காது. ஊழ் யாழை முன்வைத்து வந்தது என்று இளங்கோ சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். அந்த யாழோடு வந்த பாட்டு வடிவமும் ஊழில் பங்கு கொண்டது என்று மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

வஞ்சிக் காண்டத்தில் இன்னும் ஆழமான ஒன்று நடக்கிறது. போரில் விழுந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படியாகச் சொல்கிறது. இளங்கோவின் காதைப் பெயர்களைப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு. வீரர்களுக்கான வார்ப்பைத் தூக்கி, எந்தப் போர்க்களத்திலும் நிற்காத ஒரு வணிகப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். கண்ணகி வீரர்களுக்கு நிகரானவள் என்று எங்கும் வாதாடாமல், காதைகளின் வரிசையாலேயே அதைச் சொல்லிவிடுகிறார். செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகற்கள் நின்றிருந்ததைக் கண்டு பழகிய கேட்போருக்கு இந்த வரிசை எதைச் சொல்கிறது என்பது உடனே விளங்கியிருக்கும்.

ஒரே கதை வடிவம் மாறும்போது என்னவாகிறது என்று பார்க்க, அடுத்து நந்தனுக்கு வருகிறேன். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்று 37 விருத்தங்களில் பாடினார். அங்கே நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப்போவது நந்தனின் மனத் தயக்கம். தன் பிறப்பை நினைத்துக் கூசி நிற்கிறார். அவரைத் தடுக்கும் பண்ணையார் அந்தப் பாட்டில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாகப் பாடியபோது ஒரு வேதியர் வந்துசேர்ந்தார். போக விடமாட்டேன் என்கிறார். நடவு இருக்கிறது, அறுப்பு இருக்கிறது என்கிறார். விருத்தத்தில் ஒரு குரல் ஓர் அடியாரின் உள்ளத்தைத் தொடர்ந்து பாடிக்கொண்டே போகலாம். கதை சொல்லிப் பாடும் கீர்த்தனைக்குக் கேள்வியும் மறுமொழியும் வேண்டும், எதிர்க்குரல் வேண்டும். அந்தத் தேவை வேதியரைக் கொண்டுவந்தது, வேதியரோடு தஞ்சை வயலின் பண்ணையடிமை முறையும் பாட்டுக்குள் வந்துவிட்டது. நாளை என்ற அதே சொல் இப்போது ஆண்டையின் கையில் இருக்கும் விடுமுறையைக் குறிக்கிறது. பாரதியார் சமூகக் கண்டனம் எழுத உட்கார்ந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வடிவம் அவரை அந்த இடத்துக்கு இட்டுச்சென்றது.

இந்தக் கீர்த்தனை நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைக் கண்டு தயங்கியதையும், பாரதியார் பாடக் கேட்டபின் மனம் இளகியதையும் உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது பாட்டில் சரியாக நின்றது. 1935இல் நந்தனார் படமானபோது நந்தனாக கே. பி. சுந்தராம்பாள் பாடினார், வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஆணின் வேடத்தில் ஒரு பெண்ணின் உச்சக் குரல், எதிரே கர்நாடக சங்கீத வித்துவான்! மூன்றாவது முறையாகக் கதை வேறொன்றாயிற்று.

ஆடுகளத்திலும் வடிவம் இதே வேலையைச் செய்கிறது. சேலம் சீமையின் தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னால் நின்று, தான் வருவதைத் தானே படர்க்கையில் பாடுகிறார். திரை விலகியதும் நீ யார் என்று கட்டியங்காரன் கேட்க, மறுபடியும் சொல்கிறார். ஆகவே விடியும்வரை அவர் துரியோதனனாகவும் நம் ஊர் ஆளாகவும் சேர்ந்தே தெரிகிறார். துகிலுரிதலைப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து பார்க்க முடிவது இதனால்தான்; பல இடங்களில் கற்பூரம் ஏற்றித் திரௌபதையை வணங்கிவிட்டே அந்தக் கட்டத்தை ஆடுகிறார்கள். இதே காட்சியைச் சினிமா நெருங்கிப்போய் எடுத்தால் கொடுமை மட்டுமே மிஞ்சும். ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிக் கூத்தின் உடல்மொழியை நகரத்து நவீன நாடகத்துக்குக் கொண்டுபோனபோது, சடங்கு கழன்று அங்கே வேறு பொருள் பிறந்தது. அது இழப்பா பேறா என்பது தனி விவாதம். எனக்கு அது பேறு.

புதுக்கவிதையைப் பற்றி மட்டும் சுருக்கமாக. சுப்பிரமணிய பாரதியின் வசன கவிதைக்குப் பின், ந. பிச்சமூர்த்தி வழியாக, 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'வில் அது நிலைபெற்றது. யாப்பை விட்டதால் மனம் தன்னோடு தாழ்ந்த குரலில் பேச முடிந்தது. 1971இல் 'வானம்பாடி' வந்ததும் அதே யாப்பற்ற வடிவம் மேடைக்கு ஏறிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசியது. அகவல் அகத்துக்கும் புறத்துக்கும் இடம் கொடுத்ததுபோல் இதுவும் கொடுத்தது. வேறுபாட்டைச் செய்தது கேட்போர் என்ற உறுப்பு. தொல்காப்பியர் புதிதாக வரும் வடிவத்துக்கு விருந்து என்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பதை அன்று புதுக்கவிதையை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் மலையின் கதை ஒன்றுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்கள் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அதன் ஒரு வடிவம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நான்காவதில், ஆங்கில அகரவரிசையில், ஒரு பதிவாக இது அச்சேறியிருக்கிறது. வாயால் சொல்லும்போது இந்தக் கதைக்கு ஒரு வேலை உண்டு. கொல்லிமலையில் இருப்பவன் எனக்குத் தம்பி முறை, யார் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்கிறவருக்கு அது சொல்லிக்கொடுக்கிறது. அகரவரிசைக்குள் போனதும் அது தோற்றக்கதை என்ற தகவலாகிவிட்டது. ஒரு சொல்லைக்கூடத் தர்ஸ்டன் மாற்றாமல் இருந்திருந்தாலும் இதுதான் நேர்ந்திருக்கும்.

நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்ததுபோன்ற பெரும் உழைப்பால்தான் மக்கள் பாட்டுகள் அழியாமல் நம் கைக்கு வந்தன. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனாலும் தாலாட்டு, ஒப்பாரி, தொழில் பாட்டு என்று தலைப்பிட்டு நாலு நாலு வரியாக அச்சிடும்போது, முதலடியை எடுத்துக்கொடுத்தவர் யார், ஏற்றுப் பாடியவர்கள் யார், எந்த இடத்தில் அழுகை பாட்டை நிறுத்தியது என்பவை விழுந்துவிடுகின்றன. க. கைலாசபதி சங்கப் பாட்டுகளை வாய்மொழி வீரயுகப் பாட்டுகளாக 1968இல் வாசித்துக் காட்டியபோது, பாடும் சூழலே வடிவத்தை ஆக்கியது என்று வாதிட்டார். அது சங்கப் பாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் சண்டை தொடரலாம். இந்த மலைப் பாட்டுகளுக்கு அது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மே மாதம் சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவுக்குக் கைப்பேசியோடு வந்து பதிவுசெய்யும் மாணவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிய படிவம் எதுவும் தேவையில்லை. கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் என்று ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் அதை நிரப்பி, கடைசியில் பாட்டின் வரிகளை எழுதிக்கொண்டால் போதும்.